ஜி418 பிளேட்டில் எல்லாமே வளர்கிறதா? முதலில் மீடியாவின் உப்பைப் பாருங்கள்

ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, இந்த வருடம் பி.எச்டி.யில் சேர்ந்து, ஜி418, ஹைக்ரோமைசின், நர்சியோத்ரிசின் என்று மருந்து கலந்த பிளேட்டுகளில் காலனி தேடப் போகிறவர்களுக்கு. ஈஸ்ட்டை வளர்க்கும் ஊட்டக்கலவையான மீடியாவில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த மருந்துகள் ஈஸ்ட்டைக் கொல்லும், அல்லது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். ஈஸ்ட் அப்படியேதான் இருக்கும், மருந்தும் நல்ல மருந்தாகத்தான் இருக்கும். ஆனால் பிளேட்டைப் பார்த்தால் 'மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது' என்றே தோன்றும். இந்த ஒரு விஷயத்தை முதல் மாதமே யாராவது என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

நான் வேலை செய்தது சாதாரண ரொட்டி ஈஸ்ட்டில்தான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. உலகம் முழுக்க லேப்களில் இருக்கும் எஸ்288சி ஸ்ட்ரெயினின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், 1938-ல் கலிஃபோர்னியாவில் மெர்செட் பக்கம் ஓர் அழுகிய அத்திப்பழத்தில் கிடைத்த ஈஸ்ட்டில்தான் பெரும்பாலும் போய் நிற்கும். 1996-ல் இதன் முழு ஜீனோமும் வெளிவந்தது. ஏறத்தாழ 6,000 ஜீன்கள். உப்பில் பிழைக்க இதற்கு என்னென்ன வேண்டும் என்பதும் நன்றாகவே ஆராயப்பட்ட விஷயம். சோடியத்தை வெளியே தள்ள ஈஎன்ஏ1 என்ற பம்ப், பொட்டாசியத்தை உள்ளே இழுக்க டிஆர்கே1, டிஆர்கே2, வெளியே உப்பு ஏறினால் உள்ளே கிளிசரால் சேர்க்கச் சொல்லும் ஹாக்1 புரதம், இப்படி. இதில் எனக்குக் கொடுத்த வேலை, உப்புத் தாங்குவதில் பங்குள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு ஜீனை நீக்கிவிட்டு, அந்த ஈஸ்ட் உப்பிலும் மருந்திலும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. கேட்கும்போது எளிமையான வேலை. நானும் ஆறு மாதத்தில் முதல் அத்தியாயம் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஜீனை நீக்க எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கேன்எம்எக்ஸ் என்ற துண்டை அந்த ஜீன் இருந்த இடத்தில் நுழைப்பது. அந்தத் துண்டில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு ஜீன் இருக்கிறது, அது ஜி418 மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே துண்டு உள்ளே போன செல் ஜி418 பிளேட்டில் பிழைக்கும், போகாத செல் சாகும். ஒய்பிடி என்ற சத்து மிகுந்த வழக்கமான மீடியாவில் ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் ஜி418 என்பது எல்லா லேபிலும் சொல்லும் கணக்கு. என் ஸ்ட்ரெயினில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்மிட் (தனியாக நிற்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இருந்தது, அதை ஈஸ்ட் தொலைத்துவிடாமல் இருக்க யுராசில் இல்லாத செயற்கை மீடியாவில்தான் வளர்க்க வேண்டும். அதனால் ஒய்பிடிக்குப் பதில் யுராசில் இல்லாத, எஸ்சி என்ற அந்தச் செயற்கை மீடியாவை ஊற்றி, அதில் அதே 200 மைக்ரோகிராம் கணக்கில் ஜி418 கலந்தேன். லேபில் இருந்த பழைய குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் பிளேட் முழுக்கப் பால் ஊற்றி உறைய வைத்தது போல ஒரே வளர்ச்சி. தனிக் காலனி என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டிஎன்ஏ எதுவும் கொடுக்காத கன்ட்ரோல் பிளேட்டும் அப்படியேதான் இருந்தது. ஒய்பிடியில் அதே மருந்தைப் போட்ட பிளேட்டில் மட்டும் கன்ட்ரோல் செத்துக் கிடந்தது. இன்று யோசித்தால் விடை அந்த மூன்று பிளேட்டிலேயே இருந்தது: ஒரே மருந்து, ஒரே ஈஸ்ட், மீடியா மட்டும் வேறு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேப் மீட்டிங்கில் காட்டினேன். கிடைத்த பதில், 'ஒய்பிடியில் வேகமாக வளர்வதால் மருந்து வேகமாகக் கொல்கிறது, எஸ்சியில் மெதுவாக வளர்கிறது, டோஸை ஏற்று.' சரி என்று ஏற்றினேன். 400 போட்டேன், 600 போட்டேன். பின்புல வளர்ச்சி கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். அதற்குள் பிழைக்க வேண்டிய காலனிகளும் குன்றிப்போய், எது நிஜம், எது பொய் என்று பிரிக்கவே முடியவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் பில்லில் ஒரு கிராம் ஜி418 குப்பி 15,000 ரூபாய்க்குக் குறையாது. 200 மைக்ரோகிராம் கணக்கில் ஒரு கிராமில் 5 லிட்டர் மீடியா வரும், 25 மில்லி வீதம் ஊற்றினால் 200 பிளேட். அதாவது பிளேட்டுக்கு மருந்துச் செலவு மட்டும் 75 ரூபாய். 600-க்கு ஏற்றினால் அதே பிளேட் 225 ரூபாய். 'மருந்து கெட்டிருக்கும்' என்று சொல்லிப் புதுக் குப்பிக்கு இன்டென்ட் போட்டால், மூன்று கொட்டேஷன் வாங்கி, அக்கவுன்ட்ஸில் கையெழுத்தாகி வந்து சேர்வதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். வந்த புதுக் குப்பியும் அதே மாதிரிதான் நடந்துகொண்டது. கம்பெனிக்கு எழுதினால், 'மருந்து சரியான வெப்பநிலையில் வைக்கப்பட்டதா?' என்ற வழக்கமான கேள்விகள்தான் திரும்பி வந்தன. அடுத்து ஸ்ட்ரெயின் மேல் சந்தேகம். அதில் ஏற்கெனவே கேன்எம்எக்ஸ் இருக்கிறதோ என்று பிசிஆர் போட்டுப் பார்த்தேன், இல்லை. வேறு லேபிலிருந்து புது ஸ்ட்ரெயின் வாங்கினேன், அதுவும் வளர்ந்தது. கடைசியில் சந்தேகம் என் கைமேல் வந்து நின்றது. கன்டாமினேஷன் என்றார்கள், 'பேசிக் டெக்னிக் சரியில்லை' என்றார்கள். யாரும் திட்டவில்லை, ஆனால் நான் ஹூட்டில் உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். அது திட்டுவதைவிட மோசம். அந்த மாதங்களில் எஸ்.ஆர்.எஃப். உதவித்தொகைக்கான மதிப்பீடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. காட்ட ஒரு காலனி இல்லை. அம்மாவின் போனை எடுக்கவே பயமாக இருந்தது, 'எப்பம்மா முடியும்' என்று கேட்டுவிடுவாரே என்று.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளேட்டில் எல்லாம் வளர்ந்தால் மருந்தின் டோஸை ஏற்றுவதற்கு முன்னால் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். உங்கள் ஸ்ட்ரெயினை, டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் செய்யாமல், அதாவது வெளி டிஎன்ஏ எதையும் நுழைக்காமல், நீங்கள் கடைசியில் உபயோகிக்கப் போகிற அதே மீடியாவில், மருந்தை ஐந்தாறு அளவுகளில் கலந்து புள்ளி வைத்துப் பாருங்கள். பத்து பத்து மடங்காக நீர்த்து, ஒரு வரிசையில் ஐந்து மைக்ரோலிட்டர் சொட்டுகள். ஒரே நாள் வேலை, நான்கைந்து பிளேட். எந்த அளவில் முதல் சொட்டும் சாகிறது என்று தெரிந்த பிறகு மட்டும் டிரான்ஸ்ஃபார்மேஷனுக்குப் போங்கள். எந்த அளவிலும் சாகவில்லை என்றால் மருந்தையும் ஸ்ட்ரெயினையும் விட்டுவிட்டு மீடியாவின் பக்கம் திரும்புங்கள். அப்புறம், ஜி418 குப்பியின் மேல் லாட் நம்பருக்குப் பக்கத்தில் பொட்டென்சி என்று ஒரு எண் இருக்கும். ஒரு மில்லிகிராம் பொடியில் உண்மையில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது என்பது அது. பெரும்பாலும் முழு ஆயிரம் இருக்காது, எழுநூற்றுச் சொச்சம்தான் இருக்கும். எடை போடும்போது அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நீங்கள் 200 என்று நினைப்பது 150-ஆக இருக்கும். என் பிரச்சினை அது இல்லைதான், ஆனால் லேபுக்கு லேப் முடிவுகள் மாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முடிச்சு அவிழ்ந்தது எங்கள் லேபில் இல்லை. என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி ஒரு மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி எம்.டி. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது, அவர்கள் டிபார்ட்மென்ட்டில் ரிட்டயர் ஆகும் வயதில் இருந்த டெக்னீஷியன் அண்ணன் டீ குடித்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க மீடியால உப்பு எவ்வளவும்மா போகுது?" என்றார். "நான் உப்பே போடலையேண்ணே, இது கன்ட்ரோல் பிளேட்" என்றேன். "டப்பா பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாரும்மா. இங்க ஜென்டாமைசின் டிஸ்க் வைக்கிற மீடியால கால்சியமும் மெக்னீசியமும் ஏறிப்போச்சுன்னா சூடோமோனாஸ் கிருமிக்கு ஸோன், அதான் டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம், சுருங்கிப்போகும். கிருமி மாறல, மருந்தும் மாறல. ரிப்போர்ட் மட்டும் ரெசிஸ்டன்ட்டுன்னு போயிரும். ஜி418-ங்கிறது ஜென்டாமைசின் குடும்பம்தானே?" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் நான் சுமந்துகொண்டிருந்த கேள்விக்கு அவருக்கு ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம்தான் தேவைப்பட்டது. மருத்துவமனைகளில் பாக்டீரியாவுக்குப் போடும் முல்லர் ஹின்டன் பிராத்தில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் 20 முதல் 25 மில்லிகிராம், மெக்னீசியம் 10 முதல் 12.5 மில்லிகிராம் என்று கட்டிப்போட்டு வைத்திருப்பதே இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான். அங்கே தினசரி வேலை செய்பவர்களுக்கு இது பாலபாடம். ஈஸ்ட் லேபில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து டப்பாவைப் படித்தேன். எஸ்சி மீடியாவுக்கு நாம் போடும் ஒய்என்பி (ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ்) பொடி லிட்டருக்கு 6.7 கிராம். அதில் 5 கிராம் அம்மோனியம் சல்ஃபேட். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் கொடுக்கத்தான் அது இருக்கிறது, ஆனால் வேதியியல்படி அது ஓர் உப்பு. கணக்குப் போட்டால் சல்ஃபேட் 38 மில்லிமோலார், அம்மோனியம் 76 மில்லிமோலார். அயனி வலிமை என்று பார்த்தால், லிட்டருக்கு ஆறரை கிராமுக்கும் கூடுதலாகச் சமையல் உப்பைக் கொட்டியதற்குச் சமம். 'உப்பே போடாத' என் கன்ட்ரோல் பிளேட்டின் லட்சணம் இது. ஜி418, ஹைக்ரோமைசின், நர்சியோத்ரிசின் எல்லாமே பாசிட்டிவ் மின்சுமை உள்ள மூலக்கூறுகள். செல்லின் வெளிப்புறம் நெகட்டிவ். மருந்து முதலில் அங்கே ஒட்ட வேண்டும், பிறகு சவ்வின் உள்ளும் புறமும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் அதை உள்ளே இழுக்க வேண்டும், அப்புறம்தான் ரைபோசோமைப் போய்ப் பிடித்துப் புரத உற்பத்தியைக் கெடுக்கும். சுற்றிலும் வேறு பாசிட்டிவ் அயனிகள் நிறைந்திருந்தால் மருந்துக்கு ஒட்ட இடம் கிடைக்காது. இதற்கு மேல் அமிலத்தன்மை வேறு. ஈஸ்ட் அம்மோனியத்தை உறிஞ்சும்போது புரோட்டானை வெளியே விடும், எஸ்சி மீடியாவில் அதைத் தாங்கப் போதிய பஃபர் கிடையாது, பிஎச் மளமளவென்று இறங்கும். இந்த வகை மருந்துகள் அமிலத்தில் வேலை செய்யவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆக, உப்பும் புளிப்பும் சேர்ந்து என் மருந்தை முடக்கிப் போட்டிருந்தன.

தீர்வு ஏற்கெனவே இருந்திருக்கிறது. அம்மோனியம் சல்ஃபேட் இல்லாத ஒய்என்பி வாங்கி லிட்டருக்கு 1.7 கிராம் போட்டு, நைட்ரஜனுக்காக ஒரு கிராம் மோனோசோடியம் குளூட்டமேட் சேர்த்தால் போதும். ஆம், ஃப்ரைடு ரைஸில் போடுகிற அஜினோமோட்டோதான். லேபுக்கு லேப் கிரேடு வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு கிராம் என்றால் ஐந்து மில்லிமோலார் சொச்சம்தான் சோடியம், அது மருந்தைத் தடுக்கப் போதாது. டொராண்டோவில் சார்லஸ் பூன் குழு உருவாக்கிய எஸ்ஜிஏ (ஈஸ்ட் ஜீன் நீக்கங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பார்க்கும்) முறையின் செய்முறைக் குறிப்பில் இது ஒரே வரியில் இருக்கிறது: அம்மோனியம் சல்ஃபேட் ஜி418-க்கும் நர்சியோத்ரிசினுக்கும் இடைஞ்சல், எனவே குளூட்டமேட் போடு என்று. மரபணு வலைப்பின்னல் ஆய்வு செய்பவர்கள் எல்லாரும் அந்த வரியைப் படித்திருப்பார்கள். நான் செய்தது அந்த வேலை இல்லை என்பதால் அந்தப் பக்கமே போக வாய்ப்பில்லாமல் போனது. உங்கள் லேபில் எழுதி ஒட்டிவையுங்கள்.

புது மீடியாவில் ஊற்றிய பிளேட்டை எடுத்த காலையை மறக்க முடியாது. கன்ட்ரோல் பிளேட் வெறும் அகார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் என் விரல் ரேகை மறுபக்கம் தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்ம் செய்த பிளேட்டில் விளிம்பு வட்டமாக, வெண்ணெய் நிறத்தில், ஊசித்தலையைவிடக் கொஞ்சம் பெரிய காலனிகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியில். நடுவே தூசி போல மிகச் சிறிய சில புள்ளிகளும் இருந்தன. அவை தற்காலிகமாக மட்டும் துண்டு உள்ளே போனவை, மறுபடி புது பிளேட்டுக்கு மாற்றினால் அவை வளராது. அதனால் முதல் பிளேட்டில் இருந்தே காலனி எடுத்து பிசிஆர் போட அவசரப்படாதீர்கள். 42 டிகிரி ஹீட் ஷாக் முடிந்த உடனேயும் மருந்து பிளேட்டில் தேய்க்கக்கூடாது. மருந்தில்லாத மீடியாவில் மூன்று நான்கு மணி நேரம் வளரவிட்டால்தான் எதிர்ப்புப் புரதம் செல்லில் உருவாகியிருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். உண்மையான கண்ணி அடுத்துத்தான் இருந்தது. ஜீன் நீக்கிய ஸ்ட்ரெயின் கைக்கு வந்ததும், திட்டமிட்டபடி சோடியம் குளோரைடும் ஹைக்ரோமைசினும் சேர்ந்த பிளேட்டில் வைத்தோம். உப்பு இல்லாத பிளேட்டில் ஹைக்ரோமைசின் அதைக் கொன்றது, லிட்டருக்கு 58 கிராம் உப்பு, அதாவது ஒரு மோலார் போட்ட பிளேட்டில் அது மெதுவாக, ஆனால் தெளிவாக வளர்ந்தது. கைடு முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. 'உப்புச் சூழல் ஈஸ்ட்டில் மருந்து எதிர்ப்பைத் தூண்டுகிறது', போஸ்டருக்குத் தலைப்பே தயாராகிவிட்டது. எனக்கு மட்டும் டெக்னீஷியன் அண்ணன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது: கிருமி மாறல, மருந்தும் மாறல. கைடிடம் போய், 'சார், இன்னும் கொஞ்சம் பிளேட் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம்' என்று சொல்ல எனக்குப் பல நாள் தைரியம் வரவில்லை. கடைசியில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

அப்போது நான் போட்ட பிளேட்டுகளை இங்கே விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உப்பையும் மருந்தையும் சேர்த்து ஆராயும் யாரும் இவற்றைத் தவிர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சோடியம் குளோரைடுக்குப் பக்கத்திலேயே பொட்டாசியம் குளோரைடு ஒன்று, அதற்கு இணையான ஆஸ்மோடிக் அழுத்தம் தரும் சார்பிட்டால் ஒன்று. சார்பிட்டாலுக்கு மின்சுமை இல்லை, ஆனால் செல்லில் இருந்து தண்ணீரை உப்பைப் போலவே இழுக்கும். தண்ணீர் இழப்பால் வரும் பதற்றம்தான் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்றால் சார்பிட்டாலிலும் ஈஸ்ட் பிழைக்க வேண்டும். சோடியம் என்ற அயனிதான் காரணம் என்றால் பொட்டாசியத்தில் பிழைக்கக்கூடாது. என் பிளேட்டுகளில் இரண்டு உப்பிலும் வளர்ந்தது, சார்பிட்டாலில் செத்தது. எதுவும் நீக்காத சாதாரண ஸ்ட்ரெயினும் அச்சு அசலாக அப்படியே நடந்துகொண்டது. அதாவது நான் நீக்கிய ஜீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தது வரிசை மாற்றும் சோதனை. ஈஸ்ட்டை உப்பில் வளர்த்து, கழுவி, உப்பில்லாத மீடியாவில் மருந்தோடு குறுகிய நேரம் வைத்து, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவது. செல்லுக்குள் ஏதாவது மாறியிருந்தால் கழுவிய பிறகும் கொஞ்ச நேரமாவது எதிர்ப்பு நிற்க வேண்டும். என் ஈஸ்ட்டில் நிற்கவில்லை. கழுவும்போது திடீரென்று தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், உள்ளே சேர்த்த கிளிசராலோடு செல் ஊதிப்போகும், அந்த அதிர்ச்சியே கணக்கைக் கெடுக்கும். மூன்றாவதாக, மின்சுமை இல்லாத சைக்ளோஹெக்ஸிமைடு என்ற மருந்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் ரைபோசோமைத்தான் தாக்கும். அதற்கு எதிராக உப்பு என் ஈஸ்ட்டைக் காப்பாற்றவில்லை. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின: மருந்து செல்லுக்குள் போகவே இல்லை.

போஸ்டர் போனது. நான் இரண்டு நாள் லேபுக்குப் போகவில்லை. ஒரு கண்டுபிடிப்பு கையை விட்டுப் போகும் துக்கம் எனக்கு இருந்தது, அதைவிட, அது அச்சில் வந்த பிறகு வேறொருவர் சார்பிட்டால் பிளேட் போட்டுக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கம் அதிகம் இருந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு உப்புக்கும் மருந்து எதிர்ப்புக்கும் உயிரியல் தொடர்பே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தொடர்பு உண்டு, அது வேறு இடங்களில் இருக்கிறது. டிஆர்கே1, டிஆர்கே2 இரண்டையும் நீக்கிய ஈஸ்ட்டில் சவ்வின் மின்னழுத்தம் கூடிவிடும், அதனால் ஹைக்ரோமைசினை அது கூடுதலாக உள்ளே இழுத்து எளிதில் சாகும். புரோட்டானை வெளியே தள்ளும் பிஎம்ஏ1 பம்ப் பழுதான ஸ்ட்ரெயின்கள் இதற்கு நேர் எதிர், அவை ஹைக்ரோமைசினைத் தாங்கும். இது ஜீன் செய்யும் வேலை, நிஜமான மாற்றம். ஃப்ளூகோனசோல் மாதிரி மருந்துகளில் கதையே வேறு. அது ஈஸ்ட்டின் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து. உப்பு அழுத்தம் வரும்போது ஹாக்1 புரதம் அதே எர்கோஸ்டெரால் ஜீன்களைத் தானே அடக்கி வைக்கிறது என்று ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் காட்டினார்கள். கால்சினியூரின் என்ற என்சைமும் அப்படித்தான். அதைத் தடுத்தால் ஈஸ்ட்டுக்கு உப்பும் தாங்காது, ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகளும் தாங்காது. இப்படிப்பட்ட தொடர்புகளைத் தேடும்போதுதான் மேலே சொன்ன கன்ட்ரோல்கள் இன்னும் அவசியமாகின்றன, செல் செய்வது எது, மீடியா செய்வது எது என்று பிரிக்க வேறு வழி கிடையாது.

இது ரொட்டி ஈஸ்ட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. கேண்டிடா ஆரிஸ் என்ற நோய்க்கிருமி ஈஸ்ட் 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பல மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைகளைப் படுத்தி எடுக்கிறது. பத்து சதவீத உப்பில், அதாவது கடல் நீரைப்போல மூன்று மடங்கு உப்பில்கூட வளரும். அதைத் தனியாகப் பிரித்தெடுக்கும் மீடியாவே அந்தக் குணத்தை நம்பித்தான் செய்யப்படுகிறது. 2021-ல் டெல்லி வல்லபபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிடியூட்டின் அனுராதா சௌத்ரி குழு அந்தமான் தீவுகளின் கடற்கரை மணலிலும் உப்புச் சதுப்பு நிலத்திலும் அதைக் கண்டெடுத்தது. உப்பில் வாழும் ஒரு ஈஸ்ட், மருந்தையும் தாங்குகிறது என்றால் அதை ஆராய இளைஞர்கள் வரிசை கட்டி வருவார்கள், வரவும் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மருத்துவமனை ஈஸ்ட் சோதனைகளை ஆர்பிஎம்ஐ 1640 மீடியாவில், மாப்ஸ் பஃபரில் பிஎச் 7 என்று நிலைநிறுத்தித்தான் செய்கிறார்கள். எந்த மீடியா, எவ்வளவு உப்பு, என்ன பிஎச் என்று சொல்லாமல் எம்ஐசி எண்ணை (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்து அளவு) மட்டும் கொடுக்கும் கட்டுரையை நான் இப்போது நம்புவதில்லை.

என் பி.எச்டி.யைக் கண்காணிக்கும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் அத்தியாயம் ஏன் மாறியது என்று கேட்டார்கள். பிளேட் படங்களை வரிசையாகக் காட்டினேன். ஒருவர் மட்டும், 'நெகட்டிவ் ரிசல்ட்டுக்கு இவ்வளவு காலமா' என்றார், மற்றவர்கள் ஆறு மாத நீட்டிப்புக்குச் சம்மதித்தார்கள். இப்போது எங்கள் லேபில் மீடியா பாட்டில் ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் எது, கூடுதலாகப் போட்ட உப்பு எது, எவ்வளவு, ஊற்றும் முன் அளந்த பிஎச், மருந்தின் லாட் நம்பரும் பொட்டென்சியும், ஊற்றிய தேதி எல்லாம் எழுதுகிறோம். தண்ணீர் ஆர்ஓ பிளான்ட்டிலிருந்து வந்தால் மீடியா கலக்கும் அன்றைக்கே டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்க்கிறோம், நம் ஊர் போர் தண்ணீரில் ஃபில்டர் கொஞ்சம் தளர்ந்தாலும் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே வந்துவிடும். உப்பு பிளேட்டுகளை ஊற்றியதும் பாலித்தீன் உறையில் போட்டுக் குளிரில் வைத்து ஒரே வாரத்துக்குள் உபயோகித்துவிடுங்கள். திறந்து கிடந்தால் தண்ணீர் ஆவியாகி உப்பும் மருந்தும் இரண்டுமே ஏறும், போன வாரத்துப் பிளேட்டையும் இந்த வாரத்துப் பிளேட்டையும் ஒப்பிடவே முடியாது. மருந்து சேர்க்கும்போது அகார் 55 டிகிரிக்கு இறங்கியிருக்கட்டும், ஹைக்ரோமைசின் ஸ்டாக்கை வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வையுங்கள். உங்கள் ஊரில் மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேப் ஏதாவது பக்கத்தில் இருந்தால், ஒரு நாள் போய் அங்கே டிஸ்க் வைப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.